வாடிவீட்டு ‘ஓம்’

தம்பிமாரே, வாடிவீட்டு முன்விறாந்தையில் நீங்கள் புதிதாக மாட்டியிருக்கும் பலகையைப் படித்தேன். ‘மட்டக்களப்புக்கு வரும் விருந்தாளிகளுக்கு உபயோகமான குறிப்புகள்’ என்று மேலே கொட்டை எழுத்து. கீழே வரிசையாக உபதேசம். வெயிலுக்குத் தொப்பி போடுங்கள். இளநீர் குடியுங்கள். வாவியில் பாடும் மீனைக் கேட்காமல் ஊர் திரும்பாதீர்கள். எழுதியது யாரென்று கேட்டேன். எல்லாரும் சேர்ந்துதான் எழுதினோம் என்று பல்லைக் காட்டினீர்கள். ஒரு மடைத்தனத்துக்கு இத்தனை பேர் தேவைப்பட்டது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

தொப்பியும் இளநீரும் கிடக்கட்டும். அதனால் ஒருத்தரும் சாகப்போவதில்லை. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, ‘முகத்துவாரத்து மணல்மேட்டை நடந்தே கடக்கலாம்’ என்று, அதைப் படித்த பிறகுதான் எனக்கு இரத்தம் கொதித்தது. இந்த விடுதி வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டோடு கிடக்கிறவன், வந்தோமா ஒரு கோப்பி குடித்தோமா என்று போயிருப்பேன். அந்த வரி என்னை இந்தக் கதிரையில் உட்கார வைத்துவிட்டது. ஆகவே நீங்களும் உட்காருங்கள். மேசை துடைப்பதையெல்லாம் பிறகு பார்க்கலாம்.

‘அது பொய்யா?’ என்று உங்களில் ஒருத்தர் கேட்டார். பொய் என்றால் நான் ஏன் கோபப்படுகிறேன்? பொய்யை யாரும் ஒருநாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அது உண்மை. அந்த உண்மையை இதே விறாந்தையில் வைத்துத்தான் முன்னொரு நாள் ஒரு மனிதனுக்குச் சொல்லி அனுப்பினோம்.

இந்த வாடிவீட்டை அந்தக் காலத்தில் நடத்தியவர் ஒரு பழைய கீப்பர். அவரிடம்தான் நான் தொழில் படித்தேன். மேசைவிரிப்பில் ஒரு சுருக்கம் இருக்கவிடமாட்டார். சூப் கோப்பையைத் தளும்பாமல் கொண்டுவர அவரைப்போல் ஒருத்தரை நான் பிறகு கண்டதில்லை. அதெல்லாம் சரி. ஆனால் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. விருந்தாளியிடம் ‘இல்லை’ என்று சொல்லக்கூடாது. நான் வேலைக்கு வந்த அன்றே என்னைச் சமையல் குசினிக்குள் கூட்டிப்போய்ச் சொன்னார்.

“‘இல்ல’ எண்ட சொல்ல வாசப்படிக்கு வெளியால வெச்சிட்டு உள்ளுக்கு வா மனே. வாறவங்க எவ்வளவு தூரத்தில இருந்து வாறாங்க? ஓம் எண்டு சொன்னா அவங்களுக்கும் சந்தோசம், நமக்கும் தலையிடி இல்ல.”

அவர் அப்படியே நடந்தும் காட்டினார். ஒருமுறை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் வந்தார். நடுப்பகல். கார் கதவைத் திறக்கும்போதே, பாடும் மீனை இப்போதே கேட்கலாமா என்றார். காற்றடங்கிய நிலாக்கால இரவில் தோணியில் போய், துடுப்புத் தண்டைத் தண்ணீருக்குள் விட்டு, அதன் மறுமுனையில் காதை வைத்துக் கேட்கிற சங்கதி அது; அதுவும் எல்லாருக்கும் கேட்பதில்லை. கீப்பர் கொஞ்சமும் தயங்காமல், “ஓம் துரை” என்றார். துரை தோணியில் போய், உச்சி வெயிலில் வெந்து, மூக்குத்தோல் உரியத் திரும்பி வந்தார். கேட்டதா என்று கேட்டோம். அருமையாகக் கேட்டது என்றார். என்னத்தைக் கேட்டாரோ, தோணிக்காரனின் வயிறு கத்தியிருக்கும். ஆனால் துரைக்குச் சந்தோசம். கீப்பர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அன்றைக்கு நானும் சிரித்தேன், சிரிக்கத்தானே அதில் விஷயம் இருந்தது.

வருகிறவர்களைப் பற்றி எனக்கு ஒருபோதும் பெரிய மரியாதை இருந்ததில்லை. மார்கழி விடுமுறை என்று நல்ல மாரிகாலத்தில் வந்துவிட்டு, ‘ஏன் இங்கே மழை பெய்கிறது?’ என்று நம்மிடம் கணக்குக் கேட்பார்கள். கடலைப் பார்த்துவிட்டு, இது கொழும்புக் கடல்போல இல்லையே என்பார்கள். நண்டுக்கறி வேண்டும் என்பார்கள், கை அழுக்காகாமல் தின்ன வழி இருக்கிறதா என்றும் கேட்பார்கள். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அவர்கள் மடையர்களாக இருக்கலாம். கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். நம்மைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

யுத்தத்துக்கு முந்திய ஒரு மார்கழியில் அப்படிக் கேட்டவர் கொழும்பில் ஒரு பெரிய கம்பனியில் உத்தியோகம் பார்த்த ஐயா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் பணக்காரர் வாழும் கறுவாத்தோட்டத்தில் வீடு கட்டியவர். தானே கார் ஓட்டி வந்தார். கூடவே மனைவி, அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய ஒரு பெண்பிள்ளை. வந்த நாளிலிருந்து மழை. விறாந்தையில் உட்கார்ந்து மழையைத் திட்டிக்கொண்டே இருந்தார். ஒரு காலையில் மழை விட்டு வெயில் எறித்தது. ஐயா உடனே கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தார்.

வெளியூரிலிருந்து வந்தவர்களும் உங்களில் இருப்பதால் இதைச் சொல்லிவிடுகிறேன். வாவி கடலோடு சேரும் வாய்தான் முகத்துவாரம். கோடை முழுவதும் கடல் மணலைக் கொண்டுவந்து அந்த வாயை அடைத்துவிடும். அப்போது அது வெறும் மணல்மேடு. ஆடு மாடுகூட நடக்கும். மாரி வந்தால் ஆறுகளெல்லாம் வாவிக்குள் இறங்கும், போக வழியில்லாமல் தண்ணீர் ஏறும், மேற்கே படுவான்கரையில் வட்டை வட்டையாக வயல்கள் மூழ்கும். பயிர் அழுகுமுன்னே வயல்காரர் கூடிவந்து மேட்டை வெட்டிவிடுவார்கள். வெட்டுவது என்றால் பெரிய வேலை இல்லை. மண்வெட்டி அகலத்துக்கு ஒரு வாய்க்கால். தண்ணீர் அதில் ஓடத் தொடங்கியதும் வெட்டியவர்கள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தூர விலகிவிடுவார்கள். மிச்சத்தை வாவியே செய்துகொள்ளும். காலையில் பிள்ளைகள் தாண்டி விளையாடக்கூடிய வாய்க்கால், மத்தியானத்துக்குள் மணலை இரண்டு பக்கமும் அரித்துத் தின்றுகொண்டு பேராறாகக் கடலுக்குள் பாயும். இது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் யாருக்கும் சொல்வதில்லை.

அன்றைக்குத்தான் வெட்டு. விடிய முன்னமே வயல்காரர் வாடிவீட்டு வாசலால் மாட்டு வண்டிக் கரத்தைகளில் வரிசையாகப் போனார்கள். கீப்பர் விறாந்தையில் நின்று அவர்களோடு கதைத்துச் சிரித்து அனுப்பினார். நான் மீன் வாங்கச் சந்தைக்குப் போய்விட்டேன். அந்த நேரத்தில்தான் ஐயா கேட்டிருக்கிறார், “முகத்துவாரத்து மணல்மேட்டாலை நடந்து அங்காலை போகலாமோ?” என்று.

“ஓம் ஐயா. தாராளமாப் போகலாம்.”

நான் மீனோடு திரும்பியபோது கார் போய்விட்டது. கீப்பர் சாப்பாட்டுக் கூடையை என் கையில் தந்து, முகத்துவாரத்துக்குக் கொண்டுபோய்க் கொடு என்றார்.

“இண்டைக்கு வெட்டுறாங்களே!” என்றேன்.

“அதுக்கென்ன? ஐயா நடக்கலாமா எண்டு கேட்டார். நடக்கலாம். வெட்டுறதப் பாக்கிறதும் அவங்களுக்கு ஒரு புதினந்தானே. கெதியாப் போ, கோழி ஆறப்போகுது.”

கோழி ஆறப்போகிறதாம். மனிதன் எதைப் பற்றிக் கவலைப்பட்டார் பாருங்கள்! நான் கரத்தைக்காரனை விரட்டிக்கொண்டு போனேன். மாடு தன் வசதிக்குத்தான் நடந்தது. வெளிச்சவீடு கண்ணுக்குத் தெரிய முன்னமே இரைச்சல் காதில் விழுந்தது. கரத்தையிலிருந்து குதித்து ஓடினேன்.

போய்ப் பார்த்தால், மேடு நடுவால் பிளந்து, மண்ணிறத் தண்ணீர் கடலுக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது. இந்தக் கரையில் ஐயா. கையில் கமரா. அந்தக் கரையில், நாவலடிப் பக்கத்தில், மனைவியும் பிள்ளையும். நடந்தது இதுதான். வாய்க்கால் சிறிதாக இருந்தபோது மூன்று பேரும் சிரித்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறார்கள். பிறகு ஐயாவுக்குக் கமரா ஞாபகம் வந்திருக்கிறது. முழங்காலளவு தண்ணீரில் திரும்பி வந்து, காருக்குப் போய், கமராவைத் தேடி எடுத்து, அதற்குப் பிலிமும் போட்டுக்கொண்டு வருவதற்குள் முழங்கால் தண்ணீர் ஆளை விழுங்கும் ஆறாகிவிட்டது.

வெட்டிய வயல்காரர் எட்டத்தில், பனைகளுக்குக் கீழே, சோற்றுப் பொதியை அவிழ்த்து வைத்துக்கொண்டு தின்னாமல் நின்றார்கள். அவர்களில் வயதானவர் ஒருவர் என்னைக் கண்டதும் பாய்ந்தார்.

“நாங்க தொண்டை கிழியக் கத்தினம். ஐயா என்ன சொன்னார் தெரியுமா? ‘வாடிவீட்டில கேட்டுக்கொண்டுதான் வந்தனான்’ எண்டார். நீங்க ஓம் எண்டு அனுப்பினா நாங்க என்னத்தச் சொல்ற? நீங்களெல்லாம் சோறு திங்கிறீங்களா, என்னத்தத் திங்கிறீங்க?”

ஐயா வாவிப் பக்கம் கட்டிக்கிடந்த ஒரு தோணியை அவிழ்க்க ஓடினார். தோணிக்காரன் குறுக்கே விழுந்து தடுத்தான். “எவ்வளவு வேணும் சொல்லு, தாறன்! அக்கரையிலை விடு!” என்று ஐயா அழுகிற குரலில் கத்தினார். அக்கரை எங்கே, கடல்தான் வரும் என்றான் தோணிக்காரன். அவன் சொன்னது சரி. அந்த ஓட்டத்தில் தோணியை விட்டால் அது குறுக்கே போகாது, நேரே அலைக்குள்தான் போகும். ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். வாடிவீட்டுச் சட்டையைக் கண்டதும் அவருக்கு ஒரு தைரியம்.

“நீ சொல்லு, தோணி போகும்தானே? போகலாம்தானே?”

“இல்ல ஐயா. போக ஒண்ணா.”

வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு விருந்தாளியின் முகத்துக்கு நேரே நான் சொன்ன முதல் ‘இல்லை’ அது. ஐயா கெட்ட வார்த்தையில் ஏசினார்; அதை இங்கே சொல்ல மாட்டேன். ஏசிவிட்டு மறுபடியும் கரை விளிம்புக்கு ஓடினார்.

அப்போதுதான் அக்கரையைச் சரியாகப் பார்த்தேன். அந்த அம்மா தண்ணீர் ஓரத்திலேயே, பிள்ளையைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். கால் பக்கத்தில் மணல் பாளம் பாளமாகச் சரிந்து விழுகிறது. மேலே பார்த்தால் காய்ந்த உறுதியான மணல், கீழே தண்ணீர் குடைந்துவிட்டது. அவருக்கு அது தெரியாது. ஐயா இங்கிருந்து ‘போ, போ’ என்று இரண்டு கையையும் வீசுகிறார். இரைச்சலில் குரல் போகவில்லை. கை வீசுவதைப் பார்த்து, தன்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, அந்த அம்மா விளிம்புக்கு இன்னும் கிட்ட வந்தார். பிள்ளை தகப்பனைக் கண்ட சந்தோசத்தில் துள்ளுகிறது. துள்ளுகிற இடம் அடுத்ததாக விழப்போகிற இடம்.

தம்பிமாரே, மூளை வேலை செய்யவேண்டிய நேரம் அப்படித்தான் வரும், முன்னறிவித்தல் கொடுக்காது. அந்தப் பக்கம் அவர்களுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. முதுகைத் திருப்பி நடந்தால் போதும். நாவலடி மணலால் தெற்கே போனால் மீன்பிடிகாரர் தங்கும் மீன்வாடிகள் இருக்கின்றன, ஆட்கள் இருக்கிறார்கள், கல்லடிப் பாலத்தால் நாம் சுற்றிப்போய்ப் பிடித்துவிடலாம். அவர்களை அந்த விளிம்பில் பிடித்து வைத்திருந்தது வேறெதுவும் இல்லை, இந்த மனிதர்தான். இவர் இங்கே நிற்கிறவரைக்கும் அவர்கள் அங்கே நிற்பார்கள்.

“ஐயா, திரும்புங்க. அவங்களுக்கு முதுகக் காட்டிட்டு நடங்க. கண்ணுக்குத் தெரியாமப் போகவேணும்.”

“விசரோ உனக்கு? பெண்டில் பிள்ளையை விட்டிட்டுப் போகச் சொல்லுறியோ?”

“நீங்க மறைஞ்சாத்தான் அவங்க விலகுவாங்க ஐயா. நிண்டா நிப்பாங்க. மணல் விழுகுது, பாருங்க!”

அவர் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் இல்லை. விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கும் நேரமில்லை. அவருடைய இடுப்பைச் சுற்றிப் பிடித்து இழுத்தேன். அடித்தார், கடித்தார், அவருடைய சட்டைக் கை கிழிந்தது. பனையடியில் நின்ற வயல்காரர்கள் ஓடிவந்தார்கள். எல்லாருமாக அவரைத் தூக்காத குறையாகத் தாழம்பற்றைக்குப் பின்னால் கொண்டுபோய் மணலில் அமுக்கினோம். கொழும்புப் பெரிய உத்தியோகத்தரின் முதுகில் ஒரு வயல்காரர் ஏறி உட்கார்ந்திருந்தார். நான் பற்றைக்குள்ளால் அக்கரையைப் பார்த்தேன்.

அந்த அம்மா திகைத்துப்போனார். நாலு பேர் தன் புருஷனை இழுத்துக்கொண்டு போவதை எந்தப் பெண் பார்த்துக்கொண்டு நிற்பாள்? எங்கே என்று பார்க்க இன்னும் ஒரு அடி முன்னுக்கு வைத்தார். நான் செய்தது பிழையோ, நானே கொன்றுவிட்டேனோ என்று நினைத்தேன். அந்த அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கத்தினார். நாங்கள் அசையவில்லை. பிறகு சட்டென்று குனிந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தார், சுற்றும் முற்றும் ஆட்களைத் தேடினார், தெற்கே மீன்வாடிப் புகையைக் கண்டிருக்கவேண்டும், உதவிக்கு ஆள் கூப்பிடத்தான், அந்தப் பக்கமாக ஓடினார். அவர் நின்ற இடம் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு அது முழுதாகச் சரிந்து தண்ணீருக்குள் போயிற்று. முருகா, என்று எனக்குப் பக்கத்தில் யாரோ சொன்னார்கள்.

ஐயாவைக் காரில் ஏற்றினோம். அவரேதான் ஓட்டினார். பட்டினத்துக்குள்ளால் வந்து, கல்லடிப் பாலம் தாண்டி, கார் போகிற இடம் வரைக்கும் போய், பிறகு மணலில் ஓடினோம். மீன்வாடி ஒன்றின் வாசலில் அந்த அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை வாடிக்காரர் கொடுத்த சுட்ட மீனைத் தின்றுகொண்டிருந்தது. ஐயா பிள்ளையைக் கட்டிக்கொண்டு விம்மினார். அதை நான் குறை சொல்லமாட்டேன். நானும் அழுதேன்.

ஆனால் மனிதனைப் பாருங்கள். அன்று பின்னேரமே இந்த விறாந்தையில் உட்கார்ந்து, மற்ற விருந்தாளிகளுக்குக் கதை சொல்கிறார். “நான் உடனே யோசிச்சன். நான் மறைஞ்சால்தான் அவள் விலகுவாள் எண்டு விளங்கிச்சுது. அதுதான் பற்றைக்குப் பின்னாலை போனனான்.” போனாராம்! முதுகில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்த சங்கதி கதையில் இல்லை. கிழிந்த சட்டைக் கைக்கு மட்டும் நான் காரணமாக இருந்தேன். நான் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். அவருடைய பெருமை யாருக்கு வேண்டும்?

அவருடைய மனைவி அந்தக் கதையைக் கேட்கவில்லை. விறாந்தைத் தூணோடு நின்று கீப்பரைக் கூப்பிட்டார். கீப்பர் தட்டத்தோடு வந்தார், வழக்கமான சிரிப்போடு.

“இண்டைக்கு வெட்டுறது உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம் அம்மா.”

“வெட்டினால் பிறகு திரும்பி வரேலாது எண்டும் தெரியுமோ?”

“ஓம் அம்மா. ஆனா ஐயா கேட்டது, போகலாமா எண்டுதான். போகலாம் எண்டன். போனீங்கதானே?”

அவர் அதைத் திமிராகச் சொல்லவில்லை. மெய்யாகவே அவருக்கு அதில் பிழை தெரியவில்லை. இத்தனை வருஷமும் விருந்தாளி கேட்டதற்குப் பதில் சொல்லி நல்ல பெயர் எடுத்த மனிதர்.

அந்த அம்மா தூணை விட்டு அவருக்குக் கிட்ட வந்தார். சத்தம் போடவில்லை. “போறதைத்தான் எங்களுக்குக் கேக்கத் தெரியும். வாறதைப் பற்றிக் கேக்கவேணும் எண்டு இந்த ஊரிலை பிறந்தால்தானே தெரியும்? என்ரை பிள்ளை செத்திருந்தாலும் இப்பிடித்தான் சொல்லியிருப்பீங்களோ, ‘போனீங்கதானே’ எண்டு?”

கீப்பருடைய கையில் தட்டம் கிடந்து ஆடியது. அதுவரை அவர் கையில் ஒரு கோப்பைகூட ஆடி நான் கண்டதில்லை. வாய் திறந்தார். அந்த வாய்க்கு வேறு சொல் பழக்கமில்லை.

“ஓம் அம்மா” என்றார்.

அந்த அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். கீப்பர் குசினிக்குள் வந்து தட்டத்தை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் தேற்றவில்லை. எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆத்திரம். இன்றைக்கும் அது முழுதாக ஆறவில்லை, அந்த மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றாலும்.

கீப்பராவது மனிதர். அந்த அம்மா கேட்டபோது அவருக்குக் கை நடுங்கவாவது செய்தது. நீங்கள் அவருடைய ‘ஓமை’ எடுத்து வார்னிஷ் பூசிச் சுவரில் மாட்டியிருக்கிறீர்கள். பலகைக்கு வாசலால் போகிற கரத்தைகள் தெரியாது. அதைப் படித்துவிட்டுப் புறப்படுகிறவன் பின்னால் ஓடிப்போய், ‘ஐயா, இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்ல அதற்குக் காலும் இல்லை.

நான் வரும்போது வழியில் பார்த்தேன், வாவித் தண்ணீர் துறைப்படியைத் தொட்டுவிட்டது. படுவான்கரையில் வயல்காரர் மண்வெட்டிக்குப் பிடி போடுகிறார்கள் என்று பஸ்ஸில் கதைத்தார்கள். உள்ளே மூன்றாம் அறையில் ஒரு குடும்பம் பிள்ளைகளோடு வந்திறங்கியிருக்கிறது. அந்த மனிதர் சற்று முன்னர் இந்த விறாந்தையில் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, உங்கள் பலகையின் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுப் போனார். எழும்புங்கள். ஒருத்தர் போய் அவரிடம் ‘இல்லை’ என்று சொல்லுங்கள். இன்னொருத்தர் எனக்கு ஒரு சுத்தியல் கொண்டுவாருங்கள்.